மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோர்

கடலின் அடித்தளத்தைக் கண்டு மகிழ்வதற்கென்றே மக்கள் நாடு விட்டு நாடு செல்லும் காலம் இது. ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையை ஒட்டி நீளும் பெரும் பவளத்திட்டு, எகிப்து நாட்டுச் செங்கடற்கரை, மாலத்தீவுகள், நம் நாட்டின் அந்தமான், இலட்சத்தீவுகள் ஆகிய இடங்களில், முகத்தில் கண்ணாடிக் கவசமும் காலில் துடுப்பும் அணிந்து நீரில் இறங்குவோர் தொகை பெருகி வருகின்றது. சிலர் வாயில் ஒரு குழலைக் கவ்விக்கொண்டு நீர்மட்டத்திலேயே மிதந்து கீழே நோக்குகின்றனர். வேறு சிலர் காற்று அடைத்த உருளையை முதுகில் சுமந்து ஆழத்திற்கே செல்கின்றனர். 1943-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கூஸ்தோ என்பாரும் காஞான் என்பாரும் சேர்ந்து அமைத்த சுவாசக் கருவியே இவ்விரண்டாம் வகையினருக்கு வழி திறந்தது.

நாம் வாழும் மைசூரு நகருக்குக் கடல் இல்லை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னர்க் கன்னடக் கடற்கரையைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் எடுத்துக்கொண்டனர். அதனால் மைசூர் சமஸ்தானம் முற்றிலும் உள்நாடாயிற்று. 1956-இல் மொழிவழி மாநிலம் அமைந்தபோதுதான் மங்களூரும் கார்வாரும் மைசூர் மாநிலத்தோடு இணைந்தன. இன்றோ, விடுமுறை நாட்களில் இங்கிருந்து புறப்பட்டு மலைத்தொடரைக் கடந்து முருடேஸ்வரம் சென்று, கரையிலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவில் கடலிடையே நிற்கும் நேத்ராணித் தீவருகில் மூழ்கிப் பார்த்துத் திரும்பும் இளைஞர் உளர். அவர்கள் தாம் கண்ட மீன்களையும் பவளங்களையும் வியந்து கூறும்போது, ஒரு செய்தியை நாம் நினைவூட்ட விரும்புகின்றோம். கருவி யாதும் இல்லாமல், தம் மூச்சு ஒன்றையே துணையாகக் கொண்டு, கடலின் அடித்தளத்தைத் தம் தொழிற்களமாக்கிய மக்கள் தென்னாட்டில் ஈராயிரம் ஆண்டுகளாக இருந்து வந்துள்ளனர். கேளிக்கைக்காக அவர்கள் மூழ்கவில்லை, உணவுக்காக மூழ்கினர். அவர்களுடைய வரலாற்றையே இங்கு ஒருவாறு கூற முற்படுகின்றோம்.

முதலில் ஒரு சொல்லைக் கருதுவோம். முத்தெடுக்கும் தொழிலை ஆங்கில ஏடுகள் யாவும் மீன்பிடித் தொழிலைக் குறிக்கும் சொல்லாலேயே குறிக்கின்றன. அச்சொல் கடலிலிருந்து கிடைத்த பொருளை நம் கண்முன் நிறுத்துகின்றது. தமிழில் அத்தொழிலுக்கு வழங்கும் பெயர் 'முத்துக் குளித்தல்' என்பது. குளித்தல் என்பதற்கு நீராடுதல் என்று இக்காலத்தார் பொருள் கொள்வர். மூழ்குதல் என்பதும் அதன் பழம் பொருளாகும். எனவே தமிழ்ச் சொல் பொருளைக் காட்டுவதோடு, அதற்காக நீரில் இறங்கிய ஆளையும் காட்டுகின்றது. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் சொற்களைப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இவ்வேறுபாடு சிறியதன்று. ஏனெனில், முத்தின் வரலாற்றை எழுதிய கணக்கேடுகளைப் புரட்டினால், சிப்பிகள் எண்ணப்பட்டிருக்கும்; வரி எண்ணப்பட்டிருக்கும்; குளித்தவன் மட்டும் பெரும்பாலும் காணப்படமாட்டான்.

இந்தியாவிற்கும் இலங்கைக்கும் இடையே கிடக்கும் மன்னார் வளைகுடாவின் அடித்தளத்தில் பாறைத் திட்டுகள் பல உள்ளன. அவற்றைப் 'பார்' என்று கடலோர மக்கள் வழங்குவர். தூத்துக்குடிக்கு எதிரே தொள்ளாயிரம் பார் என்பது பெயர் பெற்றது. இலங்கைக் கரையில் சேவல் பார் புகழ் வாய்ந்தது. இப்பார்களிலேதான் முத்துச் சிப்பிகள் கூட்டங்கூட்டமாய் ஒட்டிக்கொண்டு வளரும். அவற்றின் ஆழம் பெரும்பாலும் 5 முதல் 10 பாகம் வரை ஆகும். ஒரு பாகம் என்பது ஏறத்தாழ 6 அடி.

இக்கடலின் முத்து, பாண்டியரின் பழைய துறைமுகமாகிய கொற்கையால் உலகறிந்தது. சங்க நூல்கள் கொற்கை முத்தைப் பலவிடத்தும் போற்றுகின்றன. கிறித்து பிறந்த முதல் நூற்றாண்டில், எகிப்திலிருந்து கடல் வாணிகம் செய்த கிரேக்க மொழியாளர் ஒருவர் தம் பெயரைக் கூறாமல் 'எரித்திரைக் கடற் பயண நூல்' என்ற வழிநூல் ஒன்றை எழுதினார். குமரிக்கு அப்பால் கொற்கை உள்ளது என்றும், அங்கு முத்தெடுக்கப்படுகின்றது என்றும், அது பாண்டிய நாட்டைச் சேர்ந்தது என்றும் அவர் குறிக்கின்றார். அத்தொழிலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் ஒரு சொற்றொடரில் கூறிச் செல்கின்றார். முத்துக் குளித்தவரைப் பற்றி அயல்நாட்டார் எழுதிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று இது. அது அவர்களைத் தண்டனைக் கைதிகளாகவே நமக்கு அறிமுகம் செய்கின்றது. உரோமாபுரி மகளிரின் காதணிகளை அழகு செய்த முத்துகளுக்குப் பின்னால் இத்தகைய ஆட்களும் இருந்தனர் என்பதை அறியும்போது, அணியின் ஒளி சற்றே மங்குகின்றது.

இடைக்காலத்திற்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், இறைவனுக்கு அளிக்கப்பெற்ற அணிகலன்களை ஒவ்வொன்றாய் விவரிக்கின்றன. அவற்றுள் முத்துகளை வகைப்படுத்தியிருக்கும் நுட்பம் வியப்புக்குரியது. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, கறடு, சப்பத்தி என உருண்டையானது, ஏறக்குறைய உருண்டையானது, இணைந்தது, கரடுமுரடானது, சப்பையானது ஆகிய யாவும் தனித்தனிப் பெயர் பெறுகின்றன. எத்தனை முத்து, என்ன எடை என்பதும் கல்லில் உள்ளன. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு மாற்றப்பட்டது. தென்னாட்டுக் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல்லாண்டுகள் இந்நகரில்தான் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. கடல் இல்லாத இவ்வூருக்கும் கடல் முத்துக்கும் இவ்வழியாக ஓர் உறவு உண்டு. அணியை அளித்த அரசன் பெயரையும், அரசியின் பெயரையும், அதிகாரியின் பெயரையும் அக்கல்வெட்டுகள் காத்தன. குளித்தவனுக்கு ஒரு பெயர் உண்டு என்று எண்ணுவதற்கு அக்காலத்தில் எவருக்கும் தேவை ஏற்படவில்லை போலும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டிற்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, இத்தொழிலைச் சற்று விரிவாக எழுதினார். வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து ஆட்களைக் கூலிக்கு அமர்த்துவர். ஏப்பிரல் தொடங்கி மே மாத நடுப்பகுதி வரையில் குளிப்பு நடைபெறும். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கு உரியது என்று அவர் கூறுகின்றார். இன்னொரு பங்கும் உண்டு. குளிப்பவரைப் பெருமீன்கள் தீண்டாவண்ணம் மந்திரத்தால் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாம். பகலில் போட்ட கட்டை இரவில் அவிழ்த்துவிடுவர் என்றும், அதனால் இரவிலே களவாகக் குளிக்க எவரும் துணியார் என்றும் அவர் எழுதுவது சுவையான செய்தி.

இம்மந்திரக்காரரைத் தமிழில் 'கடல்கட்டி' என்பர். கடலைக் கட்டுபவர் என்பது பொருள். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் இவ்வழக்கம் நீடித்தது. இலங்கையில் 1845 முதல் 1850 வரை ஆங்கில அரசின் காரியதரிசியாக இருந்த எமர்சன் டென்னென்ட், தம் காலத்துக் கடல்கட்டி ரோமன் கத்தோலிக்கராக இருந்தார் என்றும், அதனால் அவருடைய மந்திரத்தின் மதிப்பு சிறிதும் குறையவில்லை என்றும் குறித்துள்ளார். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. சுறா திரியும் நீரில், கையில் படைக்கலம் இன்றி இறங்கும் ஒருவனுக்கு, கரையில் நின்று தனக்காக ஒருவர் வேண்டிக்கொண்டிருக்கின்றார் என்ற எண்ணம் எத்துணை உறுதி அளித்திருக்கும் என்பதையும் நாம் கருதவேண்டும். கடல்கட்டி கரையில் இல்லாவிடின் தோணிகள் புறப்பட மறுத்ததை அதிகாரிகள் அறிந்திருந்தனர். ஆகவே ஆங்கில அரசே அவருக்கு ஊதியம் கொடுத்து வந்தது.

இனி, குளித்த முறையைக் காண்போம். நள்ளிரவை ஒட்டிக் கரைக்காற்று எழும்போது தோணிகள் புறப்படும். விடியற்காலையில் பாரை அடையும். ஒவ்வொரு தோணியிலும் குளிப்பவர்களும், அவர்களுக்குக் கயிறு பிடிப்பவர்களும் இருப்பர். ஆளைக் கீழே இறக்குவதற்கு ஒரு கல் உண்டு. அதன் எடை ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ. கயிற்றில் கட்டிய அக்கல்லின்மேல் காலை ஊன்றி, மற்றொரு கயிற்றில் பிணைத்த வலைப்பையை உடன்கொண்டு, மூச்சை ஆழ இழுத்து, மூக்கை விரலால் பொத்திக்கொண்டு அவன் சைகை காட்டுவான். கயிறு விடப்படும், கல் விரைந்து அடித்தளம் சேரும். உடனே கல்லை மேலே இழுத்துக்கொள்வர். கீழே அவன் நிலத்தோடு ஒட்டிக் கிடந்து இரு கைகளாலும் சிப்பிகளைப் பறித்துப் பையில் இடுவான். மூச்சு முட்டும்போது கயிற்றை ஒருமுறை வெட்டி இழுப்பான். மேலே இருப்பவன் பையையும் அவனையும் இழுத்துக் கரையேற்றுவான். இருவருக்கு ஒரு கல் என்ற முறையில், ஒருவன் மேலே இளைப்பாறும்போது மற்றவன் கீழே இருப்பான். இவ்வாறு நண்பகல் வரையில் நாற்பது, ஐம்பது முறை இறங்குவர். பின்னர்க் கடற்காற்றில் பாய் விரித்துத் திரும்புவர்.

கயிறு பிடிப்பவனின் கையில்தான் குளிப்பவனின் உயிர் இருந்தது. ஆகையால் அப்பணிக்குத் தம் உறவினரையே வைத்துக்கொள்வது பலருடைய வழக்கம். மச்சினன் கயிறு பிடிக்க மாப்பிள்ளை குளிப்பான் என்று கடலோரத்தில் கூறுவதுண்டு. தங்கையைக் கைம்பெண்ணாக்க எவனும் கயிற்றை நழுவவிடமாட்டான் என்பதே அதன் உட்கருத்து.

குளிப்பவன் நீருக்குள் எவ்வளவு நேரம் இருப்பான்? பயணிகள் இதனைப் பெரிதும் மிகைப்படுத்தி எழுதினர். பதினான்காம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவின் முத்துக் குளிப்பைப் பற்றி எழுதிய இபன் பதூதா, ஒரு மணி, இரண்டு மணி நேரம் மூழ்கியிருப்போரும் உண்டு என்றார். கடிகாரத்தை வைத்து அளந்தோர் கண்டது வேறு: ஒரு நிமிடத்தை ஒட்டியே பெரும்பாலோர் மேலே வந்தனர், ஒன்றரை நிமிடத்தைக் கடந்தோர் அரியர். இந்த ஒரு நிமிடத்தில் உடல் படும் பாடு சிறிதன்று. 10 மீட்டர் ஆழத்தில் உடலின்மீது அழுத்தம் இருமடங்காகின்றது. நுரையீரலில் உள்ள காற்று பாதியாகச் சுருங்குகின்றது. காதின் சவ்வு உள்நோக்கி அழுந்துகின்றது. பழகாதவனுக்கு அச்சவ்வு கிழிந்து குருதி வரும். முதுமையில் செவி கேளாமற் போவது இத்தொழிலுக்கு உரிய கூலியின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது.

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இக்கடலுக்கு வந்தனர். முத்துப் பார்களின் உரிமை பற்றிய சண்டைகளால் இடர்ப்பட்ட பரதவர், 1530-களில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறித்தவ சமயத்தைத் தழுவினர். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்து சேர்ந்தார். இக்கரைக்கும் தமிழ் அச்சுக்கலைக்கும் உள்ள தொடர்பு பலர் அறியாதது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறு நூல் தமிழெழுத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் இதுவே பழையது. அதனை ஆக்கிய அன்றிக்கு அடிகளாருக்கு அச்சுப்பணிக்கான பொருளை அளித்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவரே ஆவர். மூச்சை அடக்கிச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி ஈய எழுத்துகளாயிற்று. தமிழ் படிக்கும் நாம் அனைவரும் அவர்களுக்கு இவ்வகையிலும் கடன்பட்டவர்கள்.

1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கு மாறியது. அவர்கள் காலத்தில் மதுரை நாயக்கருக்கும், இராமநாதபுரம் சேதுபதிக்கும், வேறு சிலருக்கும் குளிப்பில் மானிய உரிமை இருந்தது. அவ்வுரிமையைக் 'கல்' என்ற கணக்கில் அளந்தனர். இன்னாருக்கு இத்தனை கல் என்றால், அத்தனை குளிகல்லைப் பற்றி இறங்குவோர் எடுப்பது வரியின்றி அவரைச் சேரும் என்று பொருள். ஆளைக் குறிக்கவும் கல்லின் பெயரே போதுமானதாயிற்று.

ஆங்கிலேயர் இலங்கைக் கரையைக் கைப்பற்றிய 1796-ஆம் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகளில் முத்துக் குளிப்பு பெருவருவாய் தந்தது. அதற்கு முன் நெடுங்காலம் குளிப்பு நடைபெறாததால் பார்கள் செழித்திருந்தன என்பதே காரணம். மூன்று ஆண்டுகளில் அச்செழிப்புத் தீர்ந்தது. சில ஆண்டுகள் கிடைப்பதும், பல ஆண்டுகள் இல்லாமற்போவதும் இக்கடலின் இயல்பு. நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து இளஞ்சிப்பிகளை மூடிவிடும். கிளாத்தி மீனும் திருக்கையும் அவற்றைத் தின்றுவிடும். இவற்றோடு மனிதரின் ஆசையும் சேர்ந்தால் பார் வெறும் பாறையாகிவிடும்.

1891-க்குப் பின்னர் இலங்கைக் கரையில் பத்தாண்டுகளுக்கு மேல் குளிப்பே நடைபெறவில்லை. இதன் காரணத்தை ஆராய 1902-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹெர்ட்மன் வரவழைக்கப்பட்டார். அவருக்குத் துணையாக வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநரானார். 1903 முதல் மீண்டும் குளிப்பு நடைபெற்றது. 1905-இல் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசின் வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். இப்பெருவளம் என்றும் நிலைக்கும் என்று நம்பி, 1906-இல் இலண்டனில் அமைந்த கம்பெனி ஒன்று ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் குத்தகைக்கு இருபது ஆண்டுகளுக்குப் பார்களை எடுத்தது. 1907-க்குப் பின்னர்ச் சிப்பி கிடைக்கவில்லை. 1912 அளவில் அக்கம்பெனி கலைந்தது. பங்குதாரரின் இழப்பு ஏடுகளில் விரிவாக எழுதப்பட்டுள்ளது. ஓடக் கடன் வாங்கியிருந்த குளிப்பவரின் இழப்பை எழுதுவார் இல்லை.

1906-ஆம் ஆண்டுக் குளிப்பின்போது மரிச்சுக்கட்டியில் அரசு அலுவலராகப் பணியாற்றிய லியோனார்ட் வுல்ஃப், பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் அக்காட்சியைத் தீட்டியுள்ளார். வெறும் மணற்காட்டில் சில வாரங்களுக்கு ஒரு நகரம் எழும். தமிழரும் அரேபியரும் பிறரும் ஆயிரக்கணக்கில் கூடுவர். எடுத்த சிப்பிகளை மூன்று கூறாக்கி இரண்டை அரசு கொள்ளும், ஒன்று குளிப்பவருக்கு. அரசின் கூறு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். வாங்கியவர்கள் அவற்றைக் குவித்து அழுக விடுவர். பல நாட்கள் சென்று கழுவி முத்தைப் பிரிப்பர். அந்நாற்றமும் ஈக்கூட்டமும் பல கல் தொலைவு பரவும். அங்கே அரபு நாட்டுக் குளிப்பவர் ஒருவர் இறந்து, அவருடைய உடலைத் தோழர்கள் கரைக்குக் கொணர்ந்த இரவையும் அவர் எழுதியிருக்கின்றார். கணக்கேடுகளுக்கு நடுவே குளிப்பவரின் சாவு மனிதரின் சாவாக எழுதப்பட்ட அரிய பக்கங்கள் அவை.

தூத்துக்குடிப் பக்கத்தில் 1926 முதல் 1928 வரையிலும், நாடு விடுதலை பெற்ற பின்னர் 1955 முதல் 1961 வரையிலும் குளிப்பு நடைபெற்றது. 1961-ஆம் ஆண்டே கடைசி. அதன்பின் பார்களில் குளிப்பு நடத்தத்தக்க அளவு சிப்பி சேரவில்லை. முத்தின் வாணிகமும் வேறு பாதையில் சென்றுவிட்டது. ஜப்பானில் 1893-இல் மிகிமோட்டோ என்பவர் சிப்பிக்குள் கருவை வைத்து அரைவட்ட முத்தை வளர்த்துக் காட்டினார். முழு உருண்டை முத்தும் பின்னர் வந்தது. 1930-களில் பாரசீக வளைகுடாவின் குளிப்புத் தொழில் நொடித்தது. நம் நாட்டிலும் 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், தூத்துக்குடிக்கு அருகில் வேப்பலோடையில், கே. அழகர்சாமி அவர்களின் முயற்சியால் வளர்ப்பு முத்தை உண்டாக்கினர். மூழ்காமலே முத்துப் பெறும் காலம் வந்தது.

ஆயினும் மூழ்குவோர் மறைந்துவிடவில்லை. தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் சங்கு குளிப்போர் இன்றும் உள்ளனர். வங்க நாட்டில் மணமான மகளிர் அணியும் வளையலுக்கு மன்னார் வளைகுடாச் சங்கு நெடுங்காலமாகச் சென்று வருகின்றது. முன்னாளில் மூச்சடக்கி மூழ்கிய இவர்களுள், இக்காலத்தில் படகிலுள்ள பொறியிலிருந்து குழாய் வழியே காற்றைப் பெற்று மூழ்குவோரும் உண்டு. இதில் புதிய இடர் ஒன்று உளது. அழுத்தமான காற்றை நெடுநேரம் சுவாசித்தவர் விரைந்து மேலே வந்தால், குருதியில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். கேளிக்கைக்காக மூழ்க வருவோருக்கு இதனைப் பாடமாகக் கற்பித்த பின்னரே ஆழத்திற்கு அனுப்புகின்றனர். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதற்கு அட்டவணை உண்டு. பிழைப்புக்காக மூழ்குவோருக்கும் அப்பாடமும் அட்டவணையும் குறையாமல் கிடைக்கவேண்டும் என்பது மிகையான வேண்டுகோள் ஆகாது.

இராமநாதபுரம் கடற்கரையில் இன்னொரு கூட்டத்தாரையும் காணலாம். அவர்கள் பெண்கள். கண்ணாடிக் கவசத்தை முகத்தில் கட்டி, புடவைக்கு மேல் சட்டை அணிந்து, கைவிரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறை இடுக்குகளில் கடற்பாசி பறிக்கப் பல பத்தாண்டுகளாக மூழ்கி வருகின்றனர். அப்பாசியிலிருந்துதான் உணவுக்கும் மருந்துக்கும் பயன்படும் கூழ்மப் பொருள்கள் எடுக்கப்படுகின்றன. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே உள்ள 21 தீவுகளை உட்கொண்ட கடற்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளமும் கடற்பசுவும் பிழைக்க அக்காப்பு இன்றியமையாதது. அதே நேரத்தில், அத்தீவுகளைச் சுற்றியே பிழைத்துவந்த இப்பெண்களுக்குத் தொழிற்களம் சுருங்கியது. தென்கொரியாவின் ஜெஜு தீவில் மூச்சடக்கிக் கடல்படு பொருள்களை எடுக்கும் பெண்களின் மரபை 2016-இல் யுனெஸ்கோ மன்றம் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துப் பெருமை செய்தது. ஜப்பானில் 'அமா' எனப்படும் குளிக்கும் மகளிரைக் காணப் பயணிகள் திரள்கின்றனர். நம் கரையிலும் அத்தகைய மகளிர் உளர் என்பது தமிழ்நாட்டிலேயே பலர் அறியாத செய்தி.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது? பாண்டியர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பார்களை ஆண்டவர் மாறினர். பத்தில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று பங்கின் அளவு மாறியது. குளிப்பவனின் மூச்சு மட்டும் மாறவில்லை. அது என்றும் ஒரு நிமிட அளவினதே. அந்த ஒரு நிமிடத்தில் அவன் அறிந்த செய்திகளை நாம் எழுதிவைக்கவில்லை. எந்தப் பாரில் எந்த மாதத்தில் நீர் தெளியும், எந்தக் காற்றுக்கு எந்த ஓட்டம் வரும், எந்த மீன் தென்பட்டால் மேலே வந்துவிடவேண்டும் என்பவை எல்லாம் தந்தையின் வாயிலிருந்து மகன் செவிக்குச் சென்றவை. ஹெர்ட்மனும் ஹார்னெலும் பல தொகுதிகளில் எழுதிய ஆராய்ச்சியிலும், இக்கடலோர மக்கள் காட்டிய வழியும் சொன்ன பெயர்களும் கலந்துள்ளன. பார்களின் பெயர்கள் இன்றும் தமிழ்ப் பெயர்களாகவே கடல் வரைபடங்களில் நிற்பதே அதற்குச் சான்று.

1961-இல் இருபது வயது இளைஞராகக் கடைசிக் குளிப்பில் இறங்கியவர் இன்று எண்பது வயதைக் கடந்தவர். அத்தகையோர் சிலர் தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் இன்னும் திண்ணையில் அமர்ந்திருக்கக்கூடும். செவி மந்தமாகியிருக்கலாம், நினைவு மந்தமாகியிராது. அவர்களை அணுகி, அவர்கள் பெயரை முதலில் எழுதி, பின்னர் அவர்கள் சொல்வதை அவர்கள் குரலிலேயே பதிவு செய்யவேண்டும். மனிதக் குரலை ஊர்தோறும் கொண்டுசெல்வதையே கடமையாக உடைய வானொலிக்கு இதனினும் பொருத்தமான பணி வேறில்லை. பல்கலைக்கழக மாணவர்களும், அப்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும் இதில் துணை நிற்கலாம். காலம் நீட்டித்தற்கு இடம் இல்லை. அடுத்த விடுமுறையில் கண்ணாடிக் கவசம் அணிந்து எந்தக் கடலில் இறங்குவோரும், இறங்குமுன் ஒருகணம், கால் ஊன்றிய கல்லோடும் பொத்திய மூக்கோடும் தமக்கு முன் இறங்கியவர்களை நினைப்பார்களாக.